சதுரங்கப்பட்டினத்துத் துணியும் சிறுசேரி மணிநேரமும்

அணுபுரத்திலிருந்து கடலை நோக்கிச் சில கிலோமீட்டர் போனால் சதுரங்கப்பட்டினம் வந்துவிடும். டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டையின் மதிலும் கிடங்குகளும் கல்லறைகளும் அங்கே தொல்லியல் துறையின் காவலில் இருக்கின்றன. வடக்கே பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட் வளாகம். செங்கல்பட்டைத் தாண்டினால் மகிந்திரா வேர்ல்ட் சிட்டி, அப்பால் மறைமலை நகர். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சிறு வட்டத்துக்குள் அயல்நாட்டு நிறுவனங்கள் பொருளை வாங்கியும் செய்தும் தங்கள் வேறு கிளைகளுக்கு அனுப்பி வந்திருக்கின்றன. ஒரே நிறுவனத்தின் ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுக்கும் பொருளுக்கு என்ன விலை எழுதுவது என்பதே டிரான்ஸ்ஃபர் பிரைசிங், பரிமாற்ற விலை நிர்ணயம். அந்த விலையைக் கணக்கிட்டு, அதற்கு ஆதாரம் திரட்டி, வரி அதிகாரியின் முன் அதை நிலைநாட்டுவது சென்னையில் இன்று தனியொரு தொழில். 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிறந்த தொழில் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். சட்டம் அப்போது வந்தது உண்மை. வேலை மிகப் பழையது. சதுரங்கப்பட்டினத்துக் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையே உண்மையில் மாறியிருப்பது, அந்த விலை எழுதப்பட்ட ஏட்டைக் கொண்டுவந்து காட்டு என்று கேட்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே. இந்தக் கரையின் வரலாறு அதற்குச் சான்று என்பது என் வாதம்.

1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆம்ஸ்டர்டாம் முதலிய ஆறு நகரங்களில் கிளை மன்றங்கள். 1619 முதல் ஆசியத் தலைமையகம் பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில். சோழமண்டலக் கரையில் 1610 முதல் பழவேற்காடும், 1690-க்குப் பின் நாகப்பட்டினமும் அதன் தலைமையிடங்கள். சதுரங்கப்பட்டினம் அவற்றுக்குக் கீழ்ப்பட்ட ஒரு பண்டகசாலை. சுற்று வட்டாரத்தில் நெய்த மெல்லிய துணி அங்கிருந்து கப்பலேறியது. ஐரோப்பியர் தேடிவந்தது மிளகும் கிராம்பும் சாதிக்காயும். ஆனால் கிராம்பு விளையும் மொலுக்காஸ் தீவுகளில் மக்கள் மாற்றாகக் கேட்டது தமிழ், தெலுங்குக் கரைகளின் துணியை. அதனால்தான் 1612-இலேயே ஹென்றிக் பிரவுவர் என்ற கம்பெனி அதிகாரி, சோழமண்டலக் கரையை மொலுக்காஸின் இடது கை என்று வருணித்தார். துணி கிடைக்க வழி ஒன்றே: உள்ளூர்ப் பெருவணிகர்களிடம் முன்பணம் கொடுப்பது, அவர்கள் வழியாக அது கைக்கோளர், சாலியர், தேவாங்கர் தறிகளுக்குப் போவது, மாதிரிக்கு ஒத்துவராத துணியைக் கம்பெனிக் கிடங்கில் கழித்துவிடுவது. யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் இந்த ஏற்பாட்டை டச்சு ஆவணங்களிலிருந்து விரிவாக எழுதியிருக்கிறார்.

துணி கப்பலேறும்போது கணக்கில் எழுதப்பட்ட விலை என்ன? கொள்முதல் விலையோடு சலவை, கட்டுமானம், கூலி முதலிய செலவுகளைச் சேர்த்த அடக்க விலை. அதற்கு மேல் லாபம் வைப்பதில்லை. துணி மொலுக்காஸில் விற்றால் லாபம் அங்கே பதிவாகும். ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனால் ஆம்ஸ்டர்டாமில் பதிவாகும். மறுபக்கம், பட்டாவியாவிலிருந்து இங்கே வந்த கிராம்பும் ஜப்பானியச் செம்பும் அதே முறையில் அடக்க விலைக்கு வந்து, கம்பெனி வைத்த விலைக்கு இங்கே விற்றன. அந்த லாபம் சோழமண்டலக் கணக்கில் ஏறியது. விளைவு வியப்பானது. இந்தக் கரையின் பெருஞ்செல்வமான துணியால் கரையின் கணக்கில் லாபமே இல்லை. கணக்கு காட்டிய லாபமெல்லாம் வேற்று நாட்டுச் சரக்கில் வந்தது. கம்பெனி முழுமைக்கும் இதே கதைதான். ஆசியாவின் கணக்கேடுகளும் நெதர்லாந்தின் கணக்கேடுகளும் கடைசிவரை ஒன்றாக இணைக்கப்படவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பட்டாவியாவின் ஏடுகள் தொடர்ந்து நட்டம் காட்டின. ஐரோப்பாவுக்கு அடக்க விலையில் சரக்கை அனுப்பிவிட்டு, அதை விற்ற பணத்தை அங்கேயே வரவு வைத்தால் வேறென்ன நடக்கும்? எந்தக் கிளை சம்பாதிக்கிறது, எது செலவு வைக்கிறது என்பதைக் கம்பெனியின் பதினேழு இயக்குநர்களாலும் தங்கள் கணக்கிலிருந்து தெளிவாக அறிய முடியவில்லை. 1799-இன் கடைசி நாளில் அந்தக் கம்பெனி கடனோடு முடிந்துபோனது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்தக் காலத்தில் வருமான வரி ஏது? லாபத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவதால் டச்சுக்காரருக்கு ஒரு காசும் மிச்சமாகாதே. பின் அதை இன்றைய பரிமாற்ற விலையோடு ஒப்பிடுவது காலத்தைக் குழப்புவதாகாதா? நோக்கத்தைப் பொறுத்தவரை இந்த மறுப்பு சரியானது. அடக்க விலையில் எழுதியது வரியை ஏய்க்க இல்லை. பொறுப்பான கணக்கர் யாரும் அப்படித்தான் எழுதியிருப்பார். ஆனால் என் வாதம் நோக்கத்தைப் பற்றியதன்று. கோல்கொண்டாவின் ஆட்சியாளர்களும் பின்னால் வந்த நவாபுகளும் கம்பெனியிடம் கேட்டது சுங்கம். மசூலிப்பட்டினத்தில் அதுவும் ஆண்டுக்கு இவ்வளவு வராகன் என்று மொத்தமாகப் பேசி முடிந்த தொகையாயிற்று. துணி மொலுக்காஸில் எத்தனை மடங்குக்குப் போகிறது என்று கேட்கவோ அந்த மிகுதியில் பங்கு பேசவோ துறைமுகத்து ஹவல்தாரிடம் ஏடு இல்லை. நெசவாளரிடமோ முன்பணத்தின் கடன் பத்திரம் மட்டும் இருந்தது. வருமான வரி இல்லாதது தற்செயல் இல்லை. லாபத்தைப் பார்க்க முடியாத அரசு, கண்ணுக்குத் தெரியும் மூட்டையின் மீதுதான் வரி போட முடியும்.

ஆங்கிலக் கம்பெனி வந்ததும் இந்தப் பார்வைக் குறை ஒருதலையாகவே முற்றியது. 1763-இல் நவாப் முகம்மது அலி செங்கல்பட்டுப் பகுதியை ஜாகீராகக் கம்பெனிக்குக் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஜாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து பதிவு செய்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு நன்செய், களத்தில் நெல் குவிந்ததும் அதிலிருந்து தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, கோயிலுக்கு, கணக்கருக்கு எவ்வளவு பங்கு பிரிகிறது என்பதெல்லாம் அதில் அடங்கின. ஊர்க் கணக்கர்களின் பனையோலைக் கணக்குகள் இன்றும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. ஒரு சிற்றூரின் பொருளாதாரத்தை மரக்கால் அளவுக்கு நுணுக்கமாகக் காட்டும் ஏடுகள் அவை. 1794-இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் அத்தகைய விவரங்களின் துணையோடு வரியை உயர்த்தினார். ஊரின் ஏட்டைக் கம்பெனி வரி வரியாகப் படித்தது. கம்பெனியின் ஏட்டை ஊர் பார்த்ததே இல்லை. இப்படி வசூலான நிலவரிப் பணத்தின் ஒரு பகுதியால் துணி வாங்கி லண்டனுக்கு அனுப்பும் வழக்கத்துக்குக் கம்பெனிக்காரர்கள் முதலீடு என்று பெயர் வைத்திருந்தார்கள். வங்காளத்தில் நடந்த இதே முறையை எட்மண்ட் பர்க் 1783-இன் ஒன்பதாம் அறிக்கையில் தோலுரித்தார். நாட்டின் ஏற்றுமதி வளர்வதுபோல் தோன்றும். அதற்கு ஈடாக நாட்டுக்குள் வருவது ஒன்றுமில்லை. சொந்த வரிப் பணத்தை வாங்கிக்கொண்டு விற்பவருக்கு விலை எவ்வளவு எழுதினால் என்ன? 1813-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கம்பெனியின் ஆட்சிக் கணக்கையும் வணிகக் கணக்கையும் தனித்தனியே எழுதும்படி கட்டளையிட்டது. வெளியிலிருந்து ஒருவர் ஏட்டைப் பிரித்துக் காட்டச் சொன்ன முக்கியமான தருணம் அது என்று கருதுகிறேன். கேட்டது வெஸ்ட்மின்ஸ்டர், செங்கல்பட்டு இல்லை. சதுரங்கப்பட்டினத்தைப் பொறுத்தவரை, 1824 ஒப்பந்தப்படி அடுத்த ஆண்டே அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

லாபத்தின் மீது வரி போடத் தொடங்கிய பிறகுதான் கேள்வி சட்டத்தின் மொழிக்கு வந்தது. 1922-ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, நெருங்கிய தொடர்புள்ள வெளிநாட்டவரோடு இங்குள்ளவர் வணிகம் செய்து, அதில் வழக்கமான லாபத்தைவிடக் குறைவாகவோ லாபமே இல்லாமலோ பார்த்துக்கொண்டால், வராத அந்த லாபத்துக்கும் வரி விதிக்க இடம் கொடுத்தது. மசகான் டாக் வழக்கு இதில் திருப்புமுனை. பம்பாயின் அந்தக் கப்பல் பட்டறை, தன் உடைமையாளர்களான இரண்டு பிரிட்டிஷ் கப்பல் நிறுவனங்களின் கப்பல்களை அடக்கச் செலவுக்கே, லாபம் வைக்காமல், பழுது பார்த்தது. சதுரங்கப்பட்டினத்துக் கணக்கர் துணிக்குச் செய்ததும் இதையே. 1958-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பட்டறைக்கு வந்திருக்க வேண்டிய லாபத்துக்கு வரி உண்டு என்றது. உலக அளவில் இதற்கு முன்பே 1933-இல் லீக் ஆஃப் நேஷன்ஸ் என்ற சர்வதேசச் சங்கத்துக்காக மிட்செல் கேரல் தயாரித்த அறிக்கை, ஒரு குழுமத்தின் கிளைகளைத் தொடர்பில்லாத தனி வணிகர்களாகப் பாவித்து, அவர்கள் பேரம் பேசினால் படியும் விலையையே ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு அடித்தளம் போட்டது. இன்றுவரை பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் நிற்பது அந்தக் கொள்கையின் மீதுதான்.

1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. 1991-க்குப் பின் பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் ஆலைகளால் நிரம்பத் தொடங்கியது: மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், பின்னர் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, சிங்கப்பெருமாள் கோயில் அருகே பி.எம்.டபிள்யூ. பழைய ஒரு பிரிவு இந்த வெள்ளத்துக்குப் போதவில்லை. 2001 நிதிச் சட்டம் 92 முதல் 92எஃப் வரையிலான பிரிவுகளைப் புதிதாக எழுதியது. அதன் உயிர்நாடி, விலை சரியென்று நிரூபிக்கும் ஆவணங்களை நிறுவனமே ஆண்டுதோறும் தயாரித்து வைக்க வேண்டும் என்பதும், ஆடிட்டர் ஒருவர் 3சிஇபி படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்பதும். அந்த ஆவணத்தை எழுதவே ஒரு தொழில் முளைத்தது. பொருளியல் படித்தவர்களும் கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் அதில் கலந்திருக்கிறார்கள். அவர்களின் அன்றாட வேலை சிறுசேரியிலிருந்து பார்த்தால் நன்றாக விளங்கும். ஓர் அயல்நாட்டு வங்கியின் மென்பொருள் கிளை அங்கே ஓராண்டில் 100 கோடி ரூபாய் செலவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர்களின் மணிநேரங்களே அதன் சரக்கு. தாய் நிறுவனம் செலவோடு 15 கோடி சேர்த்து 115 கோடி தருகிறது. வரித் துறையின் டிபிஓ, அதாவது பரிமாற்ற விலை அதிகாரி, இதே வேலையைத் தனித்துச் செய்யும் இந்திய நிறுவனங்கள் 25 விழுக்காடு சம்பாதிக்கின்றன, ஆகவே 10 கோடி லாபம் வெளியே போய்விட்டது என்கிறார். ஆலோசகர் புரோவெஸ், கேப்பிடாலைன் முதலிய தரவுத்தளங்களைச் சலித்து, ஒப்பிடத் தகுந்த நிறுவனங்கள் எவை, எவை அல்ல என்று ஒவ்வொன்றாக வாதாடுகிறார். இன்ஃபோசிஸை ஒரு சிறு கிளையோடு ஒப்பிடலாமா என்ற கேள்வி மட்டுமே எத்தனையோ வழக்குகளில் திரும்பத் திரும்ப எழுந்தது. 2013-இல் அக்னிட்டி இந்தியா வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் ஒப்பிடலாகாது என்ற முடிவை உறுதிசெய்தது. பட்டாவியாவின் தலைமைக் கணக்கர் யாரும் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கவில்லை.

இத்தொழில் வரி ஏய்ப்புக்குத் துணைபோவது, அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. லாபத்தைக் குறைந்த வரி நாடுகளுக்கு ஒதுக்கித் தருபவர்கள் உலகெங்கும் இருப்பது உண்மை. அதை மூடி மறைப்பதில் பயனில்லை. ஆனால் இந்தக் கரையின் வழக்குகள் காட்டும் படம் வேறு. ஹூண்டாய் விற்கும் ஒவ்வொரு காரிலும் கொரியத் தாய் நிறுவனத்தின் பெயர் இருப்பதால் அந்தப் பெயரின் மதிப்பு கூடுகிறது, அதற்குக் கொரியா இந்தியக் கிளைக்குப் பணம் தரவேண்டும் என்று வரித் துறை கணக்குப் போட்டது. தற்செயலாக விளையும் அந்த நன்மை சர்வதேசப் பரிவர்த்தனையே ஆகாது என்று 2017-இல் சென்னைத் தீர்ப்பாயம் அதைத் தள்ளியது. இந்தக் கரைக்கு வெளியிலும் இப்படி நடந்தது: 2014-இல் வோடஃபோன் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், பங்கு வெளியீட்டை வருமானமாகக் கருதிய துறையின் ஆணையை ரத்து செய்தது. மேல்முறையீடு செய்வதில்லை என்று மத்திய அரசே முடிவெடுத்தது. நோக்கியாவின் கதை இரு பக்கத்துக்கும் இழப்பு. கைப்பேசியின் மென்பொருளுக்காகப் பின்லாந்துக்குப் போன பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2013-இல் சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்கப்பட்டது. ஆலை மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறாமல் நின்று, 2014 நவம்பரில் மூடியது. 2018-இல் இரு நாட்டு அரசுகளும் பேசி 20.2 கோடி யூரோவில் முடித்தன. அதற்குள் தொழிலாளர்கள் வேறு வேலை தேடிப் போயிருந்தார்கள். அரசு கேட்டது தவறு என்றோ நிறுவனம் மறுத்தது தவறு என்றோ ஒரே சொல்லில் முடிக்கும் விஷயம் இல்லை இது. ஒரு கைப்பேசியின் லாபம் அதைப் பூட்டி முடுக்கிய கைகளில் எவ்வளவு, அதற்குள் ஓடும் மென்பொருளில் எவ்வளவு என்பதற்கு நேர்மையான இருவரும் வெவ்வேறு விடை சொல்ல முடியும். அந்த இடைவெளியில் நின்று ஆதாரத்தோடு பேச ஆள் தேவை. திறமையான ஆலோசகர் இல்லாத இடத்தில் அதிகாரியின் ஊகமோ நிறுவனத்தின் ஊகமோ வெல்லும்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு, பொருளியலாளர்கள் சொல்வது. லாபம் துணிவுக்கான கூலி. கப்பலைக் கடலில் விட்டவர், முதலைப் போட்டவர், வடிவமைத்தவர் இடர் ஏற்கிறார். அடக்க விலையோடு கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொள்பவர் இடர் ஏற்பதில்லை. ஆகவே பெரும் லாபம் வேறிடத்தில் பதிவாவதே நியாயம். சிறுசேரிக் கிளைகளின் ஆவணங்களிலும் இந்த வாதமே நிற்கிறது: செலவு எவ்வளவானாலும் திரும்பக் கிடைக்கும், ஆகவே இவை குறைந்த இடருள்ள நிறுவனங்கள். தர்க்கம் பிழையற்றது. ஆனால் அது எண்ணும் இடர் பங்குதாரரின் இடர் மட்டுமே. முன்பணம் வாங்கிய நெசவாளர், பஞ்சத்தில் நூல் விலை ஏறினாலும் பேசிய விலைக்கே துணி கொடுக்க வேண்டியிருந்தது. கழித்த துணி அவர் தலையில். ஃபோர்டு நிறுவனம் பத்தாண்டுகளில் இந்தியாவில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி 2021 செப்டம்பரில் வெளியேறுவதை அறிவித்தது. சந்தையில் கார் போதிய அளவு விற்காததே முதற்காரணம். சென்னை, சானந்த் ஆலைகள் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனமே சொன்னது. அந்த ஆலையை நம்பி உதிரிபாகம் செய்த சிறு பட்டறைகளின் இடர் எந்தக் குழுமத்தின் கணக்கிலும் ஏறுவதில்லை. விலை நிர்ணயத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது சட்டத்தால் ஆகாத காரியம். இடரே இல்லை என்ற வாதத்தின் பேரில் இங்கே எழுதப்படும் லாபம் சுருங்கும்போதெல்லாம், அரசு தன் வரியைப் பற்றித் தயங்காமல் கேட்பதற்கு இது போதுமான காரணம் என்றே சொல்கிறேன்.

கடந்த பத்தாண்டுகளில் சண்டை பேச்சாக மாறிவருகிறது. 2012-இல் சட்டமான முன்கூட்டிய விலை ஒப்பந்த முறையில், நிறுவனமும் வரித் துறையும் அதிகபட்சம் ஐந்தாண்டுக்கான விலையை முன்னதாகவே பேசி முடிக்கின்றன. 2025 மார்ச் வரை 815 ஒப்பந்தங்கள் ஆகியிருக்கின்றன. 2013-இல் வந்த சேஃப் ஹார்பர் விதிகள், இவ்வளவு விழுக்காடு லாபம் காட்டினால் கேள்வி இல்லை என்றன. மென்பொருளுக்கு முதலில் வைத்த 20 விழுக்காடும் அதற்கு மேலும் பலருக்கு எட்டாததால் 2017-இல் 17, 18 விழுக்காடுகளுக்கு இறங்கின. வழக்குச் செலவு குறைகிறது, முதலீட்டாளருக்கு உறுதி கிடைக்கிறது; நல்லதுதான். ஆனால் பேச்சு மூடிய அறையில் நடக்கிறது. எந்த நிறுவனம் எந்த விலைக்கு ஒப்புக்கொண்டது என்று வெளியே தெரிவதில்லை. வழக்காக இருந்தபோது தீர்ப்பாயத்தின் ஆணையாவது யாரும் படிக்கக் கிடைத்தது; ஹூண்டாய் வழக்கைப் பற்றி இங்கே எழுத முடிந்ததும் அதனால்தான்.

ஏட்டைப் படிக்கும் உரிமை அரசின் கைக்கு வந்துவிட்டது. அதற்கு அடுத்த படியைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டும். 2016 நிதிச் சட்டப்படி பெரிய குழுமங்கள் ஒவ்வொரு நாட்டிலும் தங்களுக்கு வரவு எவ்வளவு, லாபம் எவ்வளவு, வரி எவ்வளவு, ஆட்கள் எத்தனை பேர் என்று நாடுவாரி அறிக்கை தரவேண்டும். அது வரித் துறையோடு நின்றுவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ஆம் ஆண்டு நெறியாணையின்படி இத்தகைய விவரங்களைப் பொதுவில் வெளியிடச் செய்கிறது. ஆஸ்திரேலியா 2024-இல் அதற்கென்றே சட்டம் செய்தது. வணிக ரகசியம் வெளியாகிவிடும் என்பது நிறுவனங்களின் மறுப்பு. ஒரு காரின் அடக்க விலையோ ஒரு வாடிக்கையாளரின் ஒப்பந்தமோ அந்த அறிக்கையில் இருப்பதில்லை. நாட்டுக்கு ஒரு வரியாகத் தொகுத்த தொகைகளே இருக்கின்றன. அதிலிருந்து போட்டியாளர் கற்றுக்கொள்ளக் கூடியது மிகக் கொஞ்சம். செங்கல்பட்டின் ஓலைக் கணக்குகளில் கொல்லரின் பங்கு மரக்கால் முதற்கொண்டு அந்நியர் கண்ணில் பட்டது. அதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய திறப்பு. நிலமும் மின்சாரமும் சாலையும் கொடுத்து ஆலைகளை வரவேற்கும் மாவட்டத்தின் மக்கள், அவற்றை நடத்தும் குழுமங்கள் இந்தியாவில் எத்தனை பேரை வைத்து எவ்வளவு லாபம் காட்டுகின்றன என்று அறிந்துகொள்ள இந்தியாவும் அப்படி ஒரு சட்டம் செய்ய வேண்டும்.